நவம்பர் 7 உத்தரவும் ஞாயிறு இணைப்புக் கட்டுரையும்: தெருநாய்களை எங்கே கொண்டுபோவது?

ஓய்வுபெற்ற வாத்தியார்
9 நவம்பர் 2025, காலை 10.40

கடந்த வெள்ளிக்கிழமை உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை எல்லோரும் படித்திருப்பீர்கள். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் திரியும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காப்பகத்தில் வைக்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விடக் கூடாது என்பதுதான் அதன் சாரம். நான் வாங்கும் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இன்று அதைக் கண்டித்து ஒரு பக்கக் கட்டுரை வந்திருக்கிறது. தெரு மனிதனுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதல்ல, பைரவரின் வாகனத்தை விரட்டுகிற ஊர் உருப்படாது என்ற ரீதியில் எழுதிச் செல்கிறவர், தம் தெருவில் உள்ள ஐந்து நாய்களின் பெயர்களையும் குணங்களையும் அரைப் பக்கத்துக்கு விவரித்திருக்கிறார். கடிபட்ட ஒருவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்த வரியை நான் எழுதுகிறேன். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 18 மாலையில், இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரனோடு மாவு மில்லிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். முறுக்குக்கு அரைத்த மாவு என் கையில் தூக்குப் பாத்திரத்தில் இருந்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை, பின்னால் வந்த நாய் அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. தூக்கை அதன் மேல் வீசிய பிறகுதான் விட்டது. எதிர் வீட்டு அம்மாள் வாசல் குழாயைத் திறந்துவிட்டு, துணி துவைக்கும் சோப்பை எடுத்துக் கொடுத்தார்; மாவும் ரத்தமும் சோப்பு நுரையும் ஒன்றாகச் சாக்கடைக்கு ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மருத்துவமனையில் பல் இறங்கிய நான்கு இடங்களிலும் காயத்துக்குள்ளேயே, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியைச் செலுத்தினார்கள். பையன் அழவில்லை, என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தான். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அந்தப் பொத்தான் அவன் கையில் இருந்தது.

இரண்டாவது தவணைத் தடுப்பூசியைத் தீபாவளிக்கு மறுநாளும் மூன்றாவதை 25-ஆம் தேதியும் போட்டாயிற்று. நான்காவது வரும் 15-ஆம் தேதி. அன்று மருமகள் வீட்டில் ஒரு கல்யாணம் இருப்பதாலும், பையன் நன்றாக ஓடியாடுவதாலும், அதை விட்டுவிடலாமா என்று வீட்டில் யோசிக்கிறார்கள். அந்த நாயை மறுநாளே சொல்லி வண்டி வரவழைத்துப் பிடித்துக்கொடுத்துவிட்டோம். எங்கே கொண்டுபோனார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கும் எண்ணமும் இல்லை.

என் கருத்து இதுதான். வளாகங்கள் மட்டும் போதாது. டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் எல்லாத் தெருநாய்களையும் எட்டு வாரத்தில் அகற்றுங்கள் என்று ஆகஸ்ட் 11 அன்று இதே நீதிமன்றம் சொன்னதே, அதுதான் சரியான தீர்ப்பு. பதினொரு நாளில் அதைத் தளர்த்தியது பிழை.


பொறை அக்கா
9 நவம்பர் 2025, பகல் 12.15

ஐயா, பேரன் நலமாக இருக்கட்டும். நான் தினமும் இரவு பதினொரு நாய்களுக்குச் சோறும், சோறு தீர்ந்தால் டீக்கடைப் பொறையும் போடுகிறவள். தெருப் பிள்ளைகள் வைத்த பெயரையே இங்கும் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் குறிப்பிடும் கட்டுரையை நானும் படித்தேன். நாய்களின் குணநலன்களைப் பற்றிய பகுதி எனக்கும் அலுப்பூட்டியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாய் நல்லதாக இருந்தால்தான் வாழலாம் என்று ஒரு நிபந்தனை இருப்பதைப் போல எழுதியிருந்தார். ஆனால் கடைசிப் பத்தியில், ஆண்டுதோறும் தடுப்பூசி போடாமல் இடம்மாற்றுவதை மட்டும் பேசுவது வீண் என்று அவர் எழுதியிருப்பதை நீங்கள் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11 உத்தரவு சரியானது என்கிறீர்கள். எட்டு வாரத்துக்குள் முதற்கட்டமாக ஐயாயிரம் நாய்களுக்கு இடம் உண்டாக்குங்கள் என்பதே அதில் சொல்லப்பட்டிருந்தது. டெல்லியின் தெருநாய்கள் லட்சக்கணக்கில் என்று அனைவரும் அறிவர். ஐயாயிரம் போக மீதியை எங்கே கொண்டுபோவது? "எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்கவில்லை" என்று நீங்கள் எழுதிய வாக்கியம்தான், ஐயா, என்னைப் பயமுறுத்துகிறது. ஊர் முழுவதும் அப்படிக் கேட்காமல் இருக்கத் தயாராகிவிட்டால், காப்பகம் என்ற சொல்லுக்குப் பின்னால் எது வேண்டுமானாலும் நடக்கும்.


சட்டம் படிப்பவன்
9 நவம்பர் 2025, பகல் 1.05

ஒரு தெளிவுக்காக மட்டும். இந்த வழக்கே ஒரு நாளிதழ்ச் செய்தியில் தொடங்கியது. டெல்லியில் ஆறு வயதுச் சிறுமி ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோயால் இறந்த செய்தியைப் படித்துவிட்டு, ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு ஆகஸ்ட் 11 அன்று அனைத்து நாய்களையும் அகற்றச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின் பிடித்த இடத்திலேயே விடலாம், ரேபிஸ் தொற்றியவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் விடக் கூடாது, கண்ட இடத்தில் உணவு போடக் கூடாது, அதற்கென வார்டுதோறும் இடம் குறிக்க வேண்டும் என்று சொன்னதோடு, வழக்கை நாடு முழுவதற்கும் விரித்தது. நவம்பர் 7 உத்தரவு, நாய்களைப் பொறுத்தவரை, வளாகங்களுக்கு மட்டுமே உரியது. ஆகவே தெருவில் இன்றைக்கும் நடப்பில் இருப்பது ஆகஸ்ட் 22 உத்தரவுதான். வாத்தியார் ஐயா வாழ்த்துவதும் கட்டுரையாளர் வைவதும் தெருநாய் முழுவதையும் பற்றிய ஓர் உத்தரவை. அப்படி ஒன்று இப்போது இல்லை.


இரவு ஷிப்ட்
9 நவம்பர் 2025, இரவு 11.50

ஆர்டர் வராத நேரத்தில் இதைப் படித்தேன். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த விவகாரத்தில் கட்டுரை எழுதுகிறவர்கள் இரு கட்சியிலும் காரில் போகிறவர்களாகவே இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். இரவு ஒரு மணிக்கு இருசக்கர வண்டியில் ஒரு தெருமுனை திரும்பும்போது நாலைந்து நாய்கள் ஒன்றாகக் கிளம்பி வருவதைப் பற்றிச் சட்டமும் பேசவில்லை, பைரவரும் பேசவில்லை. காலை நான்கரைக்குத் துடைப்பத்தோடு வரும் தூய்மைப் பணியாளர், பேப்பர் போடும் பையன், ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி, இவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அப்படித் துரத்தியபோது, காலைத் தூக்கி டேங்க் மேல் வைத்துக்கொண்டு வேகம் எடுத்தேன். வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் சறுக்கி விழுந்து, காறை எலும்பு முறிந்து, ஏழு வாரம் சம்பாத்தியம் இல்லாமல் கிடந்தேன். மருத்துவமனைச் சீட்டில் "தானாக வண்டியிலிருந்து விழுந்தது" என்று எழுதினார்கள். நாய் கடிக்கவில்லையே! ஆகவே நாய்க்கடிக் கணக்கில் நான் இல்லை. என்னைப் போல விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

பொறை அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எந்த வாசலில் நின்று சோறு போடுகிறீர்களோ அந்தத் தெருவைத் தனக்குச் சொந்தம் என்று அந்த நாய்கள் நினைக்கின்றன. உங்களைப் பார்த்து வாலாட்டும் அதே நாய், பார்சலோடு வரும் என்னைத் திருடன் என்று முடிவு செய்துவிடுகிறது. வேளாவேளைக்குச் சோறு போடுகிறவர் அதை வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் என்ன?


கால்நடை மருத்துவர் (ஓய்வு)
10 நவம்பர் 2025, காலை 7.30

முப்பத்தோரு ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தவன் என்ற முறையில், இரு கட்சியும் கைகழுவிவிட்ட சில கணக்குகளைச் சொல்கிறேன்.

2024-இல் நாடு முழுவதும் பதிவான நாய்க்கடி 37 லட்சத்துக்கும் மேல். ரேபிஸால் இறந்திருக்கலாம் என்று மத்திய அரசு சொன்ன எண்ணிக்கை 54. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான கடி 4.8 லட்சம், ரேபிஸ் மரணம் 43. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மற்ற மாநிலங்கள் அனைத்திலும் சேர்த்து இறந்தவர்கள் பதினோரு பேர்தானா? தமிழ்நாட்டில் நாய்கள் பொல்லாதவை என்று இதற்குப் பொருளில்லை. இங்கே ஓரளவு எண்ணுகிறார்கள், பல இடங்களில் எண்ணவே இல்லை என்று பொருள். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தார் வீடுவீடாகக் கேட்டு நடத்திய ஆய்வில், ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் விலங்குக்கடிகளும் ஏறத்தாழ 5,700 ரேபிஸ் மரணங்களும் நேர்வதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நாய் கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஊசி போட்டுக்கொள்ளப் போகவே இல்லை என்பதும் அதில் தெரியவந்தது.

இனி அகற்றுவதைப் பற்றி. சென்னையில் 2024-இல் எடுத்த கணக்கில் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். ஒரு நாய்க்கு நாளொன்றுக்கு 300 கிராம் தீனி என்று வைத்தாலும் 54 டன் ஆகிறது. அது தினமும் வர வேண்டும், தவறினால் அடைப்புக்குள் ஒன்றையொன்று கடித்துக் குதறும். கூட்டமாக அடைத்தால் டிஸ்டெம்பர், பார்வோ என்ற நாய்க் கொள்ளைநோய்கள் ஒரு பட்டியிலிருந்து மறு பட்டிக்கு வேகமாகப் பரவிவிடும். இன்னொன்று, ஓர் இடத்து நாய்களை அள்ளிக்கொண்டு போனால், அங்குள்ள இறைச்சிக் கழிவும் எச்சில் இலையும் அப்படியே இருக்கும்வரை, பக்கத்துத் தெரு நாய் அந்த இடத்துக்கு வரும். வருகிற நாய் ஊசி போடாத நாயாக இருக்கும்.

கருத்தடை என்ற வழி இந்த மண்ணிலேயே தோன்றியது. சென்னையின் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு 1964-இல் அதை முன்வைத்தது. மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டு இதை ஏற்க 1996 வரை ஆயிற்று. 2001-இல்தான் நாட்டுக்கே விதி வந்தது, 2023-இல் அது திருத்தி எழுதப்பட்டது. காதின் நுனியில் ஒரு சிறு வெட்டு இருந்தால், அந்த நாய்க்கு அறுவை முடிந்தது என்று அடையாளம். உங்கள் தெருவில் எத்தனை நாய்களின் காதில் வெட்டு இருக்கிறது என்று இன்று மாலை எண்ணிப் பாருங்கள். நூறு கட்டுரை படிப்பதைவிட அது பயன்தரும்.


ஓய்வுபெற்ற வாத்தியார்
10 நவம்பர் 2025, காலை 9.20

எண்ணினேன், டாக்டர். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாகப் பதினான்கு நாய்கள். காதில் வெட்டு உள்ளவை மூன்று.

இதைத்தான் நான் கேட்கிறேன். 1964-இல் யோசனை, 1996-இல் சென்னை, 2001-இல் விதி. இருபத்துநான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. பதினான்கில் மூன்று! ஒரு வைத்தியம் கால் நூற்றாண்டாகப் பலிக்கவில்லை என்றால், வைத்தியத்தைச் சந்தேகிப்பதா, இல்லை "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்று கடிபடுகிறவனிடம் சொல்வதா? ஒருவர் இரக்கம் என்கிறார், ஒருவர் அறிவியல் என்கிறார், இரண்டுக்கும் விலை கொடுப்பது தெருவில் நடக்கிறவன் கால்.

நான் படித்த காலத்தில், 1960-களில், எங்கள் வகுப்பில் ஒருவனை நாய் கடித்துவிட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. தினமும் ஒன்றாகப் போட்டு வருவான். வயிறு வீங்கி, நிமிர்ந்து உட்கார முடியாமல் பெஞ்சில் சாய்ந்தபடி பாடம் கேட்டான். அந்த மருந்து குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து வருகிறது என்று எங்கள் சார் சொல்லித்தான் குன்னூர் என்ற ஊரே எனக்குத் தெரியும். அந்தப் பதினான்கு ஊசி போய் நான்கு ஊசி வந்துவிட்டதற்கு மருத்துவத்துக்கு நன்றி. ஆனால் கடிக்கும் நாய் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.


கொக்குவிலான்
10 நவம்பர் 2025, பிற்பகல் 3.10

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இவற்றைக் கட்டாக்காலி நாய்கள் என்போம். நோயை விசர்நாய்க்கடி என்போம். உங்கள் வாதங்களைப் படிக்கும்போது ஒரு குழப்பம் தென்படுகிறது, எங்கள் அனுபவத்தைச் சொன்னால் அது தெளியக்கூடும்.

இலங்கையில் 1973-ஆம் ஆண்டு விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். அதன்பின் பெருமளவில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அக்காலத்தில் நாய்களைப் பிடித்துக் கொல்வதும் கூடவே நடந்தது. 2006-இல் அரசு கொல்வதைக் கைவிட்டது. மரணங்கள் கூடிவிடும் என்று பலர் அஞ்சினார்கள். கூடவில்லை, பிற்பட்ட ஆண்டுகளில் வருடத்துக்கு 20, 30 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால், வைரசு ஒரு நாயிலிருந்து மறு நாய்க்குத் தாவ இடமில்லாமல் தேய்ந்துபோகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இங்கே ஓரளவுக்குக் கண்ணால் கண்ட உண்மை.

ஆனால் வாத்தியார் ஐயாவும் இரவு ஷிப்ட் தம்பியும் இதைக் கேட்டு மனம் ஆற வேண்டாம். எங்கள் தெருக்களில் நாய்கள் குறையவில்லை. மோட்டார் சைக்கிளைத் துரத்துவதும் நின்றபாடில்லை. நோய் வேறு, தொல்லை வேறு. ஊசி முதலாவதை நிறுத்தும்; இரண்டாவதை நிறுத்தாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு நீங்கள் வாதிடுவதால்தான் டாக்டர் ஒன்றுக்குப் பதில் சொல்ல, தம்பி மற்றதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.


இரவு ஷிப்ட்
11 நவம்பர் 2025, அதிகாலை 2.20

கொக்குவில் அண்ணன் சொன்னதுதான் நான் சொல்ல வந்ததும். எனக்கு ரேபிஸ் பயம் இரண்டாவது பயம். முதல் பயம் வண்டியிலிருந்து விழுவது. எழுபது விழுக்காட்டுக்கு ஊசி போட்டாலும், ஊசி போட்ட நாயும் துரத்தும்.


பொறை அக்கா
11 நவம்பர் 2025, காலை 6.45

தம்பி, நீங்கள் கேட்டதற்குக் கோபம் இல்லை. ஆனால் பாதிக்குத்தான் சம்மதம். வாசலில் வைத்துச் சோறு போடுவது தவறு என்பதை நானே தாமதமாகத்தான் கற்றேன். முன்பு பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தேன், இடம் விசாலம் என்ற ஒரே காரணத்துக்காக. காலையில் பிள்ளைகள் வரும் நேரத்துக்கும் நாய்கள் அங்கேயே படுத்திருந்தன. ஆகஸ்ட் உத்தரவுக்குப் பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்கு மாற்றினேன். நாய்கள் என்னோடு வந்துசேர நான்கு நாள் ஆயிற்று. வார்டில் இடம் குறித்துத் தரச் சொல்லி எழுதிக்கொடுத்த மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை.

"வீட்டுக்குள் வைத்துக்கொள்" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். நான் பெற்றதல்ல, வளர்த்துத் தெருவில் விட்டதுமல்ல. அந்தப் பதினொன்றில் ஒன்று, கழுத்தில் பட்டையோடு ஒருநாள் வந்து நின்ற வீட்டு நாய். ஆசைக்கு வாங்கி, கட்டி ஒன்று வந்ததும் கொண்டுவந்து விட்டவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. சோறு போட்டவளை மட்டும் கேட்கிறார்கள். பதினொன்றில் ஒன்பதுக்குக் கருத்தடை செய்யவைத்தேன். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. வண்டி வரும் என்று சொன்ன நாளில் வேலைக்கு விடுப்பு எடுத்துக் காத்திருக்க வேண்டும். வலையைக் கண்டதும் எல்லாம் ஓடிவிடும். எனக்குப் பழகியவை என்பதால் என் குரலை நம்பி வந்து மாட்டிக்கொள்ளும். வண்டிக்குள் ஏற்றும்போது அது என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்காகவே பலர் இந்த வேலைக்கு வருவதில்லை. ஐந்தாறு நாள் கழித்துத் தையல் ஆறிய பிறகு கொண்டுவந்து விடுவார்கள். மூன்று நாய்களை வேறு தெருவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அவற்றைத் தேடி ஒருவாரம் அலைந்தேன். வாத்தியார் ஐயா, பதினான்கில் மூன்று என்ற உங்கள் கணக்குக்குக் காரணம் இங்கே இருக்கிறது. வைத்தியம் பலிக்கவில்லை என்பதல்ல. மருந்தைச் சீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டுக் கடையை மூடிவைத்திருக்கிறார்கள்.


ஓய்வுபெற்ற வாத்தியார்
11 நவம்பர் 2025, இரவு 8.00

கடை மூடியிருந்தால் வேறு கடைக்குத்தானே போக வேண்டும், அம்மா? உங்களைப் போல் ஒருவர் தெருவுக்குத் தெரு இருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இல்லையே. விடுப்பு எடுத்து வலைக்குக் காத்திருக்கும் ஒருவரை நம்பி நடக்கும் திட்டம், திட்டமே அல்ல.

டாக்டரின் 54 டன் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. முழு ஊரையும் காலி செய்வது நடக்காது என்பதை அந்த அளவில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்கூடம்? அங்கேயும் முடியாது என்பீர்களா? நான் தலைமையாசிரியராக இருந்த கடைசிப் பள்ளியில் வராந்தாவில் எப்போதும் ஏழெட்டு நாய்கள் படுத்திருக்கும். யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்குகிறது. சத்துணவு முடிந்ததும் மிச்சச் சோற்றைப் பின்பக்கத்து மாமரத்தடியில் கொட்டுவார்கள். ஒரு கறுப்பு நாய் ஒன்று, மணி அடித்ததும் எழுந்து மாமரத்தடிக்கு நடக்கும். அதற்கு மணி என்றே பெயர் வைத்திருந்தோம். நானும் அதற்கு என் டிபன் பாக்ஸிலிருந்து தோசை போட்டிருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. அது எவரையும் கடித்ததில்லை என்றுதான் இப்போதும் எழுத வருகிறது. கட்டுரையாளரைக் கேலி செய்துவிட்டு நானே அதைச் செய்கிறேன் பாருங்கள்.


கால்நடை மருத்துவர் (ஓய்வு)
12 நவம்பர் 2025, காலை 7.10

பள்ளியில் முடியும் என்பேன். சுற்றுச்சுவரில் இடைவெளியை அடைத்து, கேட்டைச் சாத்தி, மிச்சச் சோற்றை மூடிய வாளியில் போட்டுத் தினமும் அப்புறப்படுத்தினால், பாதி நாய்கள் தாமாகவே போய்விடும். நவம்பர் 7 உத்தரவில் வேலி அமைக்கச் சொன்ன பகுதிக்கு நான் கைதட்டுவேன். பிடித்ததைத் திரும்ப விடாதே என்ற பகுதிதான், காப்பகம் இல்லாத ஊரில் நாயைப் பக்கத்துத் தெருவிலோ ஊருக்கு வெளியிலோ இறக்கிவிடுவதில் முடியும்.

நூறு நாய்க்கு ஒரு நாளில் அறுவை செய்தாலும், சென்னையில் இன்னும் கருத்தடை ஆகாத நாய்களை முடிக்க மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பெட்டை நாய் 63 நாளில் ஈனும், ஆண்டுக்கு இருமுறைகூட. நூறு என்பது போதாது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். இரவு ஷிப்ட் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன்: கூட்டமாகத் துரத்துவது ஐப்பசி, கார்த்திகையில் இணைசேரும் காலத்திலும், குட்டி போட்ட பிறகும்தான் மிகுதி. கருத்தடை செய்த கூட்டத்தில் அந்தச் சண்டை பெரிதும் அடங்கும். அறவே நிற்கும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது, நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய ஒன்று. வாத்தியார் ஐயா, உங்கள் முதல் பதிவில் இரண்டு செய்திகளை அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். நான்காவது ஊசியை விட்டுவிடலாமா என்பது ஒன்று. நாயைப் பிடித்துக்கொடுத்துவிட்டோம், எங்கே போயிற்று என்று தெரியாது என்பது மற்றொன்று. இவற்றைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். ரேபிஸ் உள்ள நாய் எச்சிலில் கிருமியை வெளிவிடத் தொடங்கிய பின் பத்து நாளைக்கு மேல் உயிரோடு இராது. ஆகவே கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது மருத்துவத்தில் வழக்கம். பதினோராம் நாளும் அது நன்றாக நடமாடினால், கடித்தபோது அதனிடம் நோய் இல்லை என்று உறுதியாகும். தீபாவளி நேரத்தில் வெடிக்குப் பயந்து மிரண்டு கடிக்கும் நாய்கள் ஏராளம். உங்கள் பேரனைக் கடித்ததும் அப்படி ஒன்றாக இருந்திருக்கலாம். குரைக்காமல் பின்னால் வந்து கவ்வியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்படி இல்லாமலும் இருக்கலாம். அந்த நாய் அக்டோபர் 28 வரை தெருவில் இருந்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்கும். அதை மறுநாளே அகற்றியதால், தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி போய்விட்டது.

பையன் ஓடியாடுகிறான் என்பதற்கு இந்த நோயில் மதிப்பே இல்லை. கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். அதுவரை எல்லோரும் ஓடியாடுவார்கள். ஏறிய பின் மருந்து இல்லை. கல்யாணத்துக்குச் சற்றுத் தாமதமாகப் போங்கள். 15-ஆம் தேதி ஊசி.


சட்டம் படிப்பவன்
12 நவம்பர் 2025, காலை 8.30

டாக்டர் சொன்ன பத்து நாள் கண்காணிப்பு 2023 விதிகளிலும் வருகிறது. வெறிநோய் உள்ளதாகச் சந்தேகிக்கப்படும் நாயைத் தனியே அடைத்து இயற்கையாக இறக்கும்வரை கவனிக்க வேண்டும் என்கிறது. பிடித்துக்கொண்டு போனவர்களிடம் பதிவேடு இருக்க வேண்டும். ஐயா எழுதிக் கேட்கலாம்.


ஓய்வுபெற்ற வாத்தியார்
15 நவம்பர் 2025, இரவு 9.30

எழுதியும் கேட்டேன், நேரிலும் போய்க் கேட்டேன். அக்டோபர் 19 அன்று எங்கள் பகுதியில் ஆறு நாய்கள் பிடிக்கப்பட்டதாகப் பதிவேட்டில் இருக்கிறது. நிறம், அடையாளம் என்ற பத்திகள் காலியாக இருக்கின்றன. எந்த நாய் எது என்று அங்கிருந்தவருக்கும் தெரியவில்லை. எனக்கும் அதன் முகம் சரியாக நினைவில் இல்லை.

இன்று காலை எட்டு மணிக்கு நான்காவது ஊசி போட்டாயிற்று. மருமகள் பட்டுப்புடவையோடு வரிசையில் நின்றாள். எங்களுக்கு முன்னால் பதினேழு பேர். அவர்களில் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்ற பெண்கள் இருவர், உணவுப் பையை முதுகில் மாட்டிய பையன் ஒருவன். இரவு ஷிப்ட் தம்பியோ என்று பெயரைக் கேட்கலாமா என யோசித்தேன், கேட்கவில்லை. பையனின் சீட்டில் நான்காவது கட்டத்திலும் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்கள்.

பள்ளி வளாகத்தில் நாய் இருக்கக் கூடாது என்பதில் நான் ஒரு அடியும் பின்வாங்கவில்லை. பொறை அக்கா, வண்டி வருகிற நாளுக்கு யாரிடம் சொல்ல வேண்டும், எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். காதில் வெட்டில்லாத பதினொன்று எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. வலைக்கு நான் நிற்கிறேன். என் குரலை நம்பி ஒன்றும் வராது என்பது வேறு விஷயம்.


பொறை அக்கா
15 நவம்பர் 2025, இரவு 10.50

தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன், ஐயா. வருகிற வாரமே தொடங்கினால் நல்லது; மார்கழி பிறப்பதற்குள் இரண்டு பெட்டைகளாவது ஈன்றுவிடும். குரலுக்கு வராவிட்டால் பொறைக்கு வரும்.